படத்தில் உள்ள இலையானுக்குப் பெயர் சொல்லலாமா?

திருக்கோவில் கடற்கரையில் கருவாடு காயப்போடுகிறவர்களுக்கு அந்த இலையானை நன்றாகத் தெரியும். கீறி உப்புத் தடவிய மீனைப் பாயில் பரப்பினால், வெயில் ஏறுவதற்குள் அது வந்து குந்திவிடும். உடம்பு பச்சையும் நீலமும் கலந்த பளபளப்பு. கண்கள் இரண்டும் செங்கல் நிறம். கைபேசியில் அதைப் படம் பிடித்து, பூச்சிகளை இனங்காட்டும் செயலி ஒன்றில் போட்டால் இரண்டொரு விநாடியில் ஒரு இலத்தீன் பெயர் வந்து நிற்கும். அதே இலையானை இன்னொரு பக்கத்திலிருந்து எடுத்துப் போட்டால் சில வேளை வேறு பெயர் வரும். இலையான் ஒன்றுதானே, பெயர் எப்படி இரண்டானது?

இந்தக் கேள்வியில் பிழைப்பும் இருக்கிறது. மாரி தொடங்கி வெயில் மங்கிய நாட்களில் மீன் காயத் தாமதமாகும். மீனில் ஈரம் நின்று உப்பும் குறைந்திருந்தால், இலையான் இட்ட முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரித்துப் புழுக்கள் சதைக்குள் இறங்கிவிடும். மாங்காய் முற்றும்போது வந்து குத்துவது ஒரு ஈ. பாகலிலும் புடோலிலும் புழு வைப்பது இன்னொன்று. மாட்டின் காலில் கடித்து இரத்தம் குடிப்பது வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு. எது வந்திருக்கிறது என்று தெரியாமல் மருந்தடித்தால் காசு போவதோடு தேனீயும் சாகும். ஆகவே ஒரு படம் எவ்வளவு தூரத்துக்குப் பெயர் சொல்லும், எந்த இடத்தில் அதை நம்பக் கூடாது என்று அறிந்திருப்பது நல்லது.

பெயர் என்ற விலாசம்

பூச்சிக்குப் பெயர் சொல்வது விலாசம் எழுதுவதைப் போன்றது. மாவட்டம், ஊர், தெரு, வீடு என்று விலாசம் குறுகிக்கொண்டே போகும். உயிரினங்களுக்கும் வருணம், குடும்பம், சாதி, இனம் என்ற படிகள் உண்டு. ஒருவருடைய ஊரும் தெருவும் சரியாகத் தெரிந்து வீட்டு இலக்கம் மட்டும் தெரியாமல் இருக்கலாம். அதுவும் உண்மையான அறிவுதான். தெரியாத இலக்கத்தை ஊகித்து எழுதும்போதுதான் கடிதம் வேறு வாசலுக்குப் போகிறது.

முதற்படியான வருணத்தைப் பெரும்பாலான படங்களில் கண்டுகொள்ளலாம். இலையான், நுளம்பு, பழ ஈ எல்லாம் ஒரே வருணம். தேனீக்கும் குளவிக்கும் சிறகுகள் நான்கு; இவற்றுக்கு இரண்டு. அதனால் இவற்றை இருசிறகிகள் என்போம். பின் சிறகுகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலையோடு கூடிய இரண்டு சிறு தண்டுகள் இருக்கும். பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உணர்வது இவைதான். சமநிலைத் தண்டு என்று இவற்றைச் சொல்லலாம். உலகில் இதுவரை 1,50,000க்கும் மேற்பட்ட இருசிறகி இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பூக்களில் தேனீயைப் போலவே மஞ்சளும் கறுப்புமாக வந்து நிற்கும் பூ ஈக்களும் இவற்றில் அடங்கும். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் வேடம் கலைந்துவிடும்: சிறகு இரண்டு, உணர்கொம்பு மிகக் குட்டை, தலையின் பெரும்பகுதி கண்.

அடுத்த படியான குடும்பத்துக்குப் பெரும்பாலும் சிறகுதான் சாட்சி. இலையானின் சிறகில் ஓடும் நரம்புகள் அந்தந்தக் குடும்பத்துக்கு உரிய ஒழுங்கில் அமைந்திருக்கும். நம் வீட்டு இலையானான மஸ்கா டொமெஸ்டிகாவின் சிறகை உற்றுப் பாருங்கள். அடியிலிருந்து நேராக வரும் நான்காவது நீள நரம்பு, நுனியை அண்மித்ததும் சட்டென்று மேல்நோக்கி மடியும். வீட்டுக்குள் விளக்குக்குக் கீழே வட்டமடித்துக்கொண்டிருக்கும் சிறிய இலையானுக்கு அந்த மடிப்பு இல்லை. அதே நரம்பு நேராகவே போய் ஓரத்தைத் தொடும். அது பானியா என்ற வேறு சாதி. சிறகு துலங்காத படத்தில் இந்த வேறுபாட்டைத் தேட முடியாது.

எந்தப் பக்கத்திலிருந்து எடுத்த படம்?

வீட்டு இலையானின் சாம்பல் நிற முதுகில் நான்கு கருங்கோடுகள் உண்டு. சந்தையிலும் குழந்தைகளின் கண்ணோரத்திலும் மொய்க்கும் மஸ்கா சோபென்சுக்கு அகன்ற இரண்டு கோடுகள். மேலிருந்து எடுத்த படம் ஒன்றே இவை இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

மாட்டுக் கொட்டிலில் இருக்கும் கடி இலையான் அப்படியல்ல. ஸ்டொமொக்சிஸ் கல்சிற்றான்ஸ் என்ற இதுவும் மேலிருந்து பார்த்தால் வீட்டு இலையானின் அளவு, சாம்பல் நிறம், முதுகில் கோடுகள். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் கதை மாறிவிடும். வீட்டு இலையானின் வாய் மென்மையானது. உணவை நனைத்து உறிஞ்சும், கடிக்காது. கடி இலையானின் வாயோ தலைக்கு முன்னால் ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆணும் பெண்ணும் இரத்தம் குடிப்பது அதனால்தான். மேலிருந்து ஐம்பது படம் எடுத்தாலும் தெரியாத ஒன்றைப் பக்கத்திலிருந்து எடுத்த ஒரே படம் தீர்த்துவிடுகிறது.

இனிக் கருவாட்டுப் பச்சை இலையானுக்கு வருவோம். வெப்பமண்டல ஆசியாவின் கரைகளில் காயும் மீனைத் தேடி வருவதில் முன்னிற்பது கிரைசோமியா மெகாசெபலா. 1794ஆம் ஆண்டு பப்ரீசியஸ் என்ற டென்மார்க் அறிஞர் பெயரிட்ட இனம் இது. பச்சையாக மின்னும் இலையான்கள் எல்லாம் இதுவே என்று எண்ணிவிடக் கூடாது. லூசிலியா என்ற சாதியும் பச்சைதான். கிரைசோமியாவின் வயிற்றுத் துண்டங்களின் ஓரத்தில் கரும்பட்டைகள் இருக்கும், லூசிலியாவில் இருக்காது. வெளிச்சம் சரியாக விழுந்த படத்தில் இதைக் காணலாம். இன்னும் உறுதியான அடையாளம் சிறகின் அடியில், உடலோடு ஒட்டிக் கிடக்கும் சிறு செதில் ஒன்றில் இருக்கிறது. அதன் மேற்பரப்பில் கிரைசோமியாவுக்கு மயிர்கள் உண்டு, லூசிலியாவுக்கு இல்லை. கைபேசிப் படம் எட்டாத இடம் அது.

ஆண் கிரைசோமியா மெகாசெபலா அகப்பட்டால் நல்ல வாய்ப்பு. ஆண் என்று எப்படித் தெரியும்? இரண்டு கண்களும் நடுத்தலையில் ஒன்றையொன்று தொட்டால் ஆண். நடுவே அகன்ற இடைவெளி இருந்தால் பெண். ஆணின் கண்ணைப் பக்கத்திலிருந்து நெருக்கமாக எடுத்தால், கூட்டுக்கண்ணின் மேற்பாதியில் உள்ள கண்ணறைகள் பெரிதாகவும் கீழே உள்ளவை பொடியாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடம் கோடு கிழித்ததாகத் துலங்கும்.

பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. அதோடு குழப்ப இன்னொரு உறவினமும் உண்டு: கிரைசோமியா ரூபிபேசிஸ். அதுவும் பச்சை, அதற்கும் வயிற்றில் பட்டை. இரண்டையும் பிரிக்கும் அடையாளங்களில் ஒன்று, தலைக்குச் சற்றுப் பின்னால் முன்காலின் அடிக்கு மேலே உள்ள சுவாசத் துவாரம். மெகாசெபலாவில் அது கடும் கபில நிறம். ரூபிபேசிசில் வெளிறிய வெள்ளை. முதுகுப் பக்கத்துப் படத்தில் இந்தத் துவாரம் கண்ணிலேயே படாது. ஆனால் இவற்றின் புழுக்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மெகாசெபலாவின் புழு வழுவழுப்பானது. ரூபிபேசிசின் புழு உடல் முழுதும் சதைமுட்களோடு இருக்கும்; பக்கத்தில் கிடக்கும் மற்ற இலையான் புழுக்களையும் பிடித்துத் தின்னும். இலையானை மட்டும் படம் எடுத்துவிட்டுப் புழுவை விட்டுவிடுகிறவர், கையிலிருந்த நல்ல சாட்சியைக் கைவிடுகிறார்.

செயலியின் விடை ஏன் மாறியது என்பது இப்போது விளங்கும். மனிதர் பெயரிட்டுச் சேர்த்த ஏராளமான படங்களைக் கொண்டு பழக்கப்பட்டது அது. புதிய படம் எந்தப் பெயருக்குரிய படங்களோடு கூடுதலாக ஒத்துப்போகிறது என்று கணிக்கும். தீர்மானிக்கும் அடையாளம் படத்தில் விழாதபோது நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே அது விடை சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கம் மாறினால் ஒப்புமையும் மாறும். அதற்குக் காட்டப்படாத இனத்தின் பெயரை அதனால் ஒருநாளும் சொல்ல முடியாது. தெரிந்தவற்றுள் நெருங்கிய ஒன்றையே தரும். உலகின் சில பகுதிகளில் எடுத்த படங்கள் அளவுக்கு அதிகமாகவும் நம் கரையில் எடுத்தவை குறைவாகவும் இருக்கும்வரை, அந்தச் சாய்வு விடையிலும் இருக்கும்.

படம் எட்டாத இடம்

மீன் காயும் இடத்தில் சாம்பல் நிறத்தில் சற்றுப் பெரிய இலையான் ஒன்றும் வரும். முதுகில் மூன்று கருங்கோடுகள். வயிற்றில் கறுப்பும் வெள்ளியுமான கட்டங்கள், பார்க்கும் கோணத்துக்கேற்ப இடம் மாறும். இது சதை இலையான் குடும்பம். பெண் முட்டையிடாது, உயிருள்ள சிறு புழுக்களை நேரே மீனில் விட்டுவிட்டுப் போகும். குடும்பத்தை ஒரு படத்திலேயே சொல்லிவிடலாம். இனத்தைச் சொல்வது மிகக் கடினம். இந்தக் குடும்பத்தில் இனத்துக்கு இனம் தெளிவாக வேறுபடுவது ஆணின் இனப்பெருக்க உறுப்பு. இறந்த ஆணின் வயிற்று நுனியிலிருந்து அதை வெளியே எடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துத்தான் நிபுணர்கள் பெயர் சொல்கிறார்கள். எவ்வளவு விலையுயர்ந்த கமராவானாலும் உள்ளே மடிந்திருக்கும் உறுப்பைக் காட்டாது. இங்கே விலாசம் தெருவோடு நிற்கிறது. அங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் அறிவியல்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் யாரை நம்பிப் பெயர் சொல்கிறார்கள்? முன்னர் பார்த்தவர்கள் சேர்த்து வைத்த மாதிரிகளையும் அவற்றை வைத்து எழுதிய நூல்களையும்தான். இலங்கையையும் உள்ளடக்கிய இந்தப் பிராந்தியத்தின் பச்சை, நீல இலையான்களுக்கு சீனியர் வைற், ஓபெர்டின், ஸ்மார்ட் என்ற மூவர் 1940ஆம் ஆண்டில் ஒரு தொகுதி எழுதினார்கள். இத்தகைய நூல்களில் இணைக்கவர்ச் சுட்டி இருக்கும்: ஒவ்வொரு படியிலும் இரண்டு தெரிவுகள், மயிர் உண்டா இல்லையா, நரம்பு வளைந்ததா நேரானதா என்று. விடை சொல்லச் சொல்ல வழி குறுகி ஒரு பெயரில் முடியும். ஊசியில் குத்திக் காயவைத்த பூச்சியை உருப்பெருக்கிப் பார்ப்பவர்களுக்காகச் செய்த சுட்டிகள் அவை. படத்தை வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் இறங்கினால், பாதிவழியில் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று வந்து மறிக்கும். அந்தக் கேள்விதான் அந்தப் படத்தின் எல்லை.

இலங்கையில் ஒரு ஈ, கென்யாவில் ஒரு ஈ

பழ ஈக்களுக்கு வந்தால் படம் ஓரளவு கைகொடுக்கும். பாகல், புடோல், பீர்க்கு முதலிய கொடிகளைக் குத்தும் சூகோடாக்கஸ் குகுர்பிற்றேயின் முதுகில் மூன்று மஞ்சள் கோடுகள், ஒன்று நட்டநடுவில். மாங்காயையும் கொய்யாவையும் குத்தும் பாக்றொசெரா டோர்சாலிசுக்கு இரு பக்கமும் இரண்டே கோடுகள், வயிற்றில் கரிய டி வடிவக் குறி. மூன்று கோடுள்ள வேறு இனங்களும் உண்டு. குகுர்பிற்றேயின் சிறகில் குறுக்கு நரம்பின் மேல் கருமை படர்ந்திருப்பதால் அதன் உறவான சூகோடாக்கஸ் டாவிலிருந்து பிரிக்கலாம். மேலிருந்து சிறகு விரிந்த நிலையில் எடுத்த ஒரு படத்துக்குள் இவ்வளவும் அடங்கும்.

படத்தால் சொல்ல முடியாத இன்னொரு அடையாளமும் இவற்றுக்கு உண்டு: எந்த வாசத்துக்கு வருகின்றன என்பது. பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹௌலெற் என்பவர், சிட்ரொனெல்லா எண்ணெயைத் தேடிப் பழ ஈக்களின் ஆண்கள் வருவதை 1912ஆம் ஆண்டில் எழுதினார். 1915ஆம் ஆண்டில் அவற்றை இழுப்பது மெதைல் இயூஜினோல் என்று காட்டினார். மா ஈயான டோர்சாலிசின் ஆண்கள் இதற்கு வரும். கொடி ஈயான குகுர்பிற்றேயின் ஆண்கள் வராது. துளசியிலும் இந்தப் பொருள் உண்டு. கசக்கிய துளசியைப் பொறியில் வைத்தால் மா ஈயின் ஆண்கள் தேடி வருவது அதனால்தான்.

மா ஈயின் குழுவில்தான் இந்தத் துறையின் பெரிய சிக்கல் ஒன்று நிகழ்ந்தது. அதில் இலங்கைக்கும் பங்குண்டு. இந்தக் குழுவில் ஒன்றை ஒன்று உரித்து வைத்த பல இனங்கள் உள்ளன. 1994ஆம் ஆண்டில் ட்றூ, ஹான்கொக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதை ஆராய்ந்து, இலங்கைக்கே உரிய பாக்றொசெரா கண்டியென்சிஸ் உட்படப் பல புதிய இனங்களுக்குப் பெயரிட்டார்கள். 2003ஆம் ஆண்டில் கென்யாவில், ஆபிரிக்காவுக்கு அந்நியமான ஒரு மா ஈ பொறிகளில் விழுந்தது. சில ஆண்டுகளுக்குள் அது கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. அந்த ஈ இருக்கும் நாடுகளின் மாம்பழத்தை வேறு நாடுகள் வாங்க மறுத்தன. அது எங்கிருந்து வந்தது? ஒத்த ஈக்களை இலங்கையில் கண்டார்கள். முதுகின் நிறம் செங்கபிலத்திலிருந்து கறுப்புவரை மாறிக்கொண்டே போனது. அறிந்த டோர்சாலிசோடு அது சரியாகப் பொருந்தவில்லை. 2005ஆம் ஆண்டில் ட்றூ, ட்சுறூற்றா, வைற் மூவரும் இலங்கை, ஆபிரிக்க மாதிரிகளைக் கொண்டு அதற்கு பாக்றொசெரா இன்வாடென்ஸ் என்று புதுப் பெயர் இட்டார்கள்.

அந்த நிறவேறுபாடு உண்மையில் இரண்டு இனங்களைக் காட்டியதா? இதைத் தீர்க்க உலக உணவு விவசாய நிறுவனமும் சர்வதேச அணுசக்தி முகவரகமும் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஓர் ஆய்வை நடத்தின. 20 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 50 பேர் அதில் உழைத்தார்கள். உருவத்தை அளந்தார்கள், டி.என்.ஏ.யை ஒப்பிட்டார்கள். இரு தரப்பையும் ஒரே கூட்டில் விட்டுக் கூடுகின்றனவா, பிறக்கும் சந்ததிக்கு இனம் பெருக்கும் ஆற்றல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பெண்ணை அழைக்க ஆண் வெளியிடும் வாசப்பொருட்களையும் பகுத்தார்கள். ஒவ்வொரு சோதனையும் ஒரே பக்கம் காட்டியது. 2015ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில் இன்வாடென்ஸ் என்ற பெயர் நீங்கியது. ஆபிரிக்காவைக் கலக்கியதும் இலங்கையில் கண்டதும் 1912ஆம் ஆண்டில் தைவானிலிருந்து பெயர் பெற்ற அதே டோர்சாலிஸ் என்று முடிவானது. அதே ஆய்வு, குழுவில் உள்ள கரம்போலே என்ற இனம் உண்மையிலேயே தனி என்பதையும் உறுதிசெய்தது. நிறத்தை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் ஒன்றாக்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

பூச்சியே இல்லாமல் பெயர்

படத்தை மட்டும் நம்பியும் ஒருமுறை பெயரிட்டிருக்கிறார்கள். தென்னாபிரிக்காவில் கட்டைத் தச்சுத்தேனீயைப் போல வேடமிட்ட ஒரு தேனீ ஈயை மார்ஷல் என்பவர் படமெடுத்தார். பூச்சி கைக்கு மிஞ்சவில்லை. அவரும் ஈவன்ஹூயிஸ் என்பவரும் 2015ஆம் ஆண்டில் அந்தப் படங்களை வைத்தே மார்லெயிமியா சைலோகோபே என்ற புது இனத்தை விவரித்தார்கள். மறு ஆண்டில், இது போதாது என்று 490க்கும் மேற்பட்ட அறிஞர்கள் கையொப்பமிட்ட மறுப்பு வெளியானது. மறுத்தவர்களின் நியாயம் வலுவானது: நாளை புதிய கேள்வி எழுந்தால், பெட்டியில் உள்ள பூச்சியைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம், படம் அன்று காட்டியதையே என்றும் காட்டும். மற்றப் பக்கத்திலும் நியாயம் உண்டு. குமண போன்ற தேசியப் பூங்காவில் அனுமதியின்றி ஒரு பூச்சியையும் பிடிக்கக் கூடாது. அங்கே கண்டதைப் பதிவதற்குப் படம்தான் வழி.

எப்படி எடுப்பது?

ஒரே கோணத்தில் பத்துப் படங்களைவிட நான்கு கோணங்களில் நான்கு படங்கள் பயன் கூடியவை: மேலிருந்து முதுகும் சிறகும், பக்கத்திலிருந்து நெஞ்சும் கால்களும், முன்னாலிருந்து முகம், சிறகு விரிந்தபோது நரம்புகள். அதிகாலைக் குளிரில் இலையான் மந்தமாக இருக்கும்; அப்போது கிட்டப் போகலாம். பக்கத்தில் அளவுக்கு ஒரு தீக்குச்சியோ அடிமட்டமோ இருக்கட்டும். எந்த மீனில் குந்தியது, எந்தக் காயில் இருந்து புழு வந்தது, திகதி, இடம் ஆகியவற்றை அன்றே எழுதுங்கள். பழத்தில் புழு இருந்தால் பழத்தை மணலிட்ட போத்தலில் வைத்துத் துணியால் மூடுங்கள். புழு மணலில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, நாட்கள் கழித்து ஈயாக வெளிவரும். எந்தக் காயிலிருந்து எந்த ஈ வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பெயர் எழுதும்போது தெரிந்த படியோடு நில்லுங்கள். ‘கிரைசோமியா, இனம் உறுதியில்லை, பக்கவாட்டுப் படம் உண்டு, கருவாட்டுப் பாய், மாரி’ என்ற ஒரு வரி, துணிந்து எழுதிய பிழையான இனப்பெயரைவிட மதிப்புள்ளது. இன்வாடென்ஸ் கதையைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். 2005ஆம் ஆண்டில் இட்ட பெயர் நிலைக்கவில்லை. ஆனால் அதை இட்டவர்கள் மாதிரிகளையும் நிறவேறுபாடுகளையும் கண்ட இடங்களையும் ஒளிக்காமல் பதிந்து வைத்தார்கள். பத்து ஆண்டுகளில் மற்றவர்களால் அந்த முடிவைச் சோதித்துத் திருத்த முடிந்ததற்கு அதுவே அடிப்படை. திருக்கோவில் தொடங்கிப் பொத்துவில்வரை இந்தக் கரையில் வாழும் இலையான்களைப் படம் எடுக்கும் ஒவ்வொருவரும் அதையே செய்யலாம்: தாம் வைத்த பெயர் பிழையென்று நாளை ஒருவர் காட்டுவதற்கு வேண்டிய எல்லாச் சாட்சியையும் சேர்த்து வைப்பது.